அந்தப் பெயிண்டில் குறை இல்லை

ஒரு பெரியவர் நம்பி ஒப்படைத்த பொருளை நான் அழித்தேன். அழித்த பிறகு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி அவர் தன் கையாலேயே இன்னும் இரண்டை அழித்தார். இதில் கடைசிவரை ஒளித்து வைக்க எதுவும் இல்லை. எப்படி நடந்தது என்பதை முழுதும் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

நான் பிளாஸ்டிக் மாடல் கார்களுக்கு வண்ணம் அடிப்பவன். தொழிலாக அல்ல, வேலை முடிந்து வந்து இரவில் செய்வது. வீடு லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே இருக்கிறது. ஒரே காரில் பல வண்ணங்களை அடுக்கும் கலை வளர்ந்த இடம் இந்தப் பக்கம்தான். கலிஃபோர்னியாவின் ஜோ பெய்லன் கேண்டி ஆப்பிள் சிவப்பைக் கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்றவர். லாரி வாட்சன் தன் 1958 தண்டர்பேர்டின் உடல் வளைவுகளை ஒட்டிப் பட்டை பட்டையாக வண்ணம் பிரித்து அடித்தார். ஜெஸ்ஸி வலாதெஸ் என்பவரின் 1964 இம்பாலா முழுக்க ரோஜாப் பூக்கள். வால்ட் ப்ரே தீட்டியவை அவை. ‘ஜிப்சி ரோஸ்’ என்ற அந்தக் கார் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் விட்டியர் புலிவார்டில் ஓடியது. 2017இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம் பெற்றது. இந்தக் கார்களைப் பார்த்து வளர்ந்த பையன்கள் கடையில் பிளாஸ்டிக் கிட் வாங்கி, வீட்டு மேசையில் அதே வேலையைச் சின்ன அளவில் செய்து பார்த்தார்கள்.

அந்த வேலை கடினமானது. 1/25 அளவில் ஐந்தேகால் மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள இம்பாலா சுமார் 21 சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடும். வண்ணத்தின் தடிமன் மட்டும் தானாகச் சுருங்காது. மாடலின் மேல் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஏறினாலும் நிஜக் காரில் இரண்டரை மில்லிமீட்டர் ஏறியதற்குச் சமம். கதவு இடுக்குகள் அடைந்துவிடும். நிஜக் காருக்கான மினுக்குத் தூளைப் போட்டால் ஒவ்வொரு துகளும் சில்லறைக் காசு அளவுக்குத் தெரியும். கேண்டி என்பது ஒளி ஊடுருவும் வண்ணம். அடியில் வெள்ளியோ தங்கமோ அடித்து, அதன் மேல் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். ஒரு கோட் கூடினால் நிறம் ஒரு படி கருக்கும். கை திரும்பும் இடத்தில் இரண்டு வீச்சு ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் அங்கே கோடு தெரியும். மாஸ்கிங் டேப் ஒட்டினால் முதலில் அதன் ஓரத்தில் நிறமற்ற பூச்சான கிளியரை லேசாக அடித்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வண்ணம் டேப்புக்கு அடியில் கசியும்.

இதெல்லாம் எனக்கு நன்றாக வரும். அதுதான் என் கர்வத்துக்கு வேர். எங்கள் மாடல் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களை என்னிடம்தான் அனுப்புவார்கள். நான் சொன்னால் அது விதி. யாராவது தயங்கித் தயங்கிச் சோதித்துப் பார்த்து அடித்தால் எனக்குள் ஓர் இளக்காரம் எழும். சோதனை என்பது கற்றுக்கொள்கிறவர்களுக்கு என்று நினைத்தேன்.

அந்தப் பெரியவர் எங்கள் தெருவில் இருப்பவர். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். அவர் பிறந்தது இங்கேதான். எழுபதைத் தாண்டியவர். என்னை ‘மகனே’ என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே துணியில் சுற்றி ஒரு 1964 இம்பாலாவின் பாடி. பள்ளி நாளில் செய்தது. பேப்பர் போட்டுச் சேர்த்த காசில் கிட் வாங்கியிருக்கிறார். சின்ன பாட்டிலில் விற்ற எனாமல் பெயிண்ட். பிரஷ்ஷும் பல் குத்தும் குச்சியும்தான் கருவிகள். ரோஸ், ஊதா, வெள்ளை. பக்கவாட்டில் பட்டைகள், பின்புறம் கூம்பிச் செல்லும் கூர்கள். கோடுகள் கொஞ்சம் நடுங்கியிருந்தன. பின் மட்கார்டில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. ஈரம் காயாதபோது தொட்டுவிட்ட பையனின் ரேகை. கூரை மட்டும் வெறும் பிளாஸ்டிக். அதற்குள் படைக்கு அழைப்பு வந்துவிட்டது. வியட்நாம் போய்த் திரும்பி வந்தார். கூரை அப்படியே நின்றுவிட்டது.

இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. அதனால் என்னிடம் வந்தார். கேட்டது இரண்டே விஷயம். கூரைக்கு ஊதா கேண்டி. மற்ற இடங்களுக்கு மேலே மெல்லிய கிளியர். ‘நான் போட்டதைத் தொடாதே மகனே. ரேகையையும் விட்டுவிடு’ என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

இனி சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது.

எனாமல் காற்றை உள்வாங்கி மெதுவாக இறுகும். லாக்கர் அப்படியல்ல. அதில் இருக்கும் தின்னர் பறந்து போனால் காய்ந்துவிடும். அந்தத் தின்னர் கடுமையானது. எனாமலின் மேல் விழுந்தால் அதற்குள் இறங்கி அதை ஊத வைக்கும். ஊதியது சுருங்கும். லாக்கர் மேல் எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கர் அடிக்கக் கூடாது. இந்தக் கைவேலையின் முதல் பாடங்களில் ஒன்று இது. நானே புதியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நீரில் கரையும் அக்ரிலிக் கிளியர் என் அலமாரியில் இருந்தது. அதை அடித்திருந்தால் பழைய எனாமலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் லாக்கர் கிளியர் தரும் ஆழமும் பளபளப்பும் அதில் வராது. அந்த வார இறுதியில் மாடல் கண்காட்சி. அந்த இம்பாலாவை என் மேசையில் வைக்க ஆசைப்பட்டேன். அவருக்காக என்று சொல்லிக்கொண்டேன். எனக்காகத்தான்.

பெயிண்ட் போட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, நன்றாக இறுகியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அது உண்மையா என்று பார்க்க வழி இருந்தது. பானெட்டின் உள்பக்கத்திலும் அதே ரோஸ் நிறம் பூசியிருந்தார். அங்கே ஒரு சொட்டு வைத்து மறுநாள்வரை பொறுத்திருந்தால் விடை கிடைத்திருக்கும். நான் பொறுக்கவில்லை.

கூரை நன்றாக வந்தது. வெள்ளி அடித்து, ஊதாவை ஏற்றி, டேப்பை உரித்தேன். ஓரம் சுத்தமாக இருந்தது. அந்த மகிழ்ச்சியில் அதே இரவு கிளியரை எடுத்தேன். முதல் கோட்டைத் தூசி போல லேசாக அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் லேசாக அடித்து, இடையில் காயவிட்டு, நாள் கணக்கில் ஏற்றியிருந்தால்கூடத் தப்பியிருக்கலாம். நான் ஏர்பிரஷ்ஷைத் திறந்து நனைய நனைய ஒரு கோட் அடித்தேன்.

சில நொடிகள் அழகாக இருந்தது. ரோஸ் நிறம் புதிதாகப் போட்டதுபோல் எழுந்து நின்றது. பிறகு கதவுக்கு மேலே ஒரு சின்னச் சுளிவு தெரிந்தது. அது பக்கவாட்டில் ஓடியது. எண்ணெயில் போட்ட அப்பளம்போல் பட்டைகள் பொரிந்து மேலே கிளம்பின. ஊதாவும் ரோஸும் ஒன்றுக்குள் ஒன்று இழுபட்டன. மட்கார்டில் இருந்த ரேகை முதலில் மங்கியது. பிறகு மடிந்தது. பிறகு அது இருந்த இடமே தெரியவில்லை.

அந்த நிலையிலும் எல்லாம் போகவில்லை. இடப்பக்கம் பாதிக்கு மேல் நன்றாக இருந்தது. பின்பக்கக் கூர்கள் இரண்டு அப்படியே இருந்தன. அப்படியே வைத்துவிட்டு மறுநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். அவர் பார்த்திருப்பார். வருந்தியிருப்பார். மிச்சத்தை என்ன செய்வது என்று அவர் முடிவு செய்திருப்பார்.

நான் பயந்தேன். எனாமல் மேல் லாக்கர் அடித்து மாட்டிக்கொண்டவன் என்று குழுவில் பேசுவார்களே என்று பயந்தேன். சுருங்கிய பெயிண்டைப் பார்த்தால், விஷயம் தெரிந்த எவருக்கும் என்ன நடந்தது என்று உடனே புரிந்துவிடும். அதனால் அந்தத் தடயத்தையே அழித்தேன். பாடி முழுவதையும் பெயிண்ட் உரிக்கும் திரவத்தில் போட்டேன். காலையில் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். நன்றாக இருந்த இடப்பக்கத்தையும் தேய்த்தேன். அந்தக் கூர்களையும் தேய்த்தேன். முதலில் நடந்தது கர்வத்தாலும் அவசரத்தாலும் நடந்தது. இது அப்படியல்ல. விழித்துக்கொண்டு, யோசித்துச் செய்தது.

பிறகு அவரிடம் போய்ச் சொன்னேன்: ‘ஐயா, அந்தக் காலத்துப் பெயிண்ட் உள்ளே மக்கிப் போயிருந்தது. தொட்டவுடன் உதிர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் அதுவே கொட்டியிருக்கும். முழுதும் எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பதுதான் வழி.’ ஒவ்வொரு வார்த்தையும் பொய். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘உனக்கு வேலை வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்’ என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பரவாயில்லை என்றேன்.

அவரிடம் இருந்த அந்த மாடலின் பழைய படத்தைப் பார்த்து அதே பட்டைகளை லாக்கரில் அடித்தேன். கோடுகள் நேராக வந்தன. நடுக்கம் இல்லை. கண்காட்சியில் வைத்தேன். பலர் நின்று பார்த்தார்கள், பாராட்டினார்கள். அவரும் வந்திருந்தார். பேத்தியை அழைத்து வந்து, ‘இதைச் செய்தவர் இவர்தான்’ என்று என்னைக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

என் பொய் அதோடு நிற்கவில்லை. அவர் வீட்டில் அதே நாட்களில் செய்த பாடிகள் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று அவருடையது. மற்றது அவர் தம்பி செய்தது. தம்பி இப்போது உயிரோடு இல்லை. அந்தப் பெயிண்ட் தானாகவே கொட்டிவிடும் என்று நான் சொன்னதை அவர் நம்பினார். கொட்டுவதற்கு முன்னால் எடுத்துவிட்டால் பேத்தி புதிதாக அடித்துப் பழகட்டும் என்று நினைத்தார். இரண்டையும் பிரேக் ஆயிலில் ஊற வைத்தார். நடுங்கும் கையால் தேய்த்துச் சுத்தம் செய்தார். முடித்துவிட்டு வெறும் பிளாஸ்டிக் பாடிகளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். தேய்க்கும்போது பெயிண்ட் அவ்வளவு எளிதில் வரவில்லை, நன்றாகப் பிடித்திருந்தது என்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

பேத்தி ஒருநாள் அவரிடம், ‘தாத்தா, ஏன் அந்தப் பெயிண்டை வாங்கினீர்கள்?’ என்று கேட்டாள். ‘எனக்கு அப்போது விவரம் தெரியாது. மலிவானதை வாங்கிவிட்டேன்’ என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். பேப்பர் போட்டுக் காசு சேர்த்த அந்தப் பையன் மேல் அவர் பழியைப் போட்டார். நான் அவனைக் குற்றவாளி ஆக்கினேன். அவன் ஒரு தவறும் செய்யவில்லை. அவனிடம் இருந்த பெயிண்டை அவன் சரியாகத்தான் பூசினான். அரை நூற்றாண்டுக்கு மேல் அது நின்றது.

அதன் பிறகும் பல மாதங்கள் சும்மா இருந்தேன். அவர் நலமாக இருக்கிறார், பழையதைக் கிளறுவானேன் என்று காரணம் தேடினேன். உண்மைக் காரணம் பயம். கடைசியில் போய்ச் சொன்னேன். லாக்கரைப் பற்றி, பானெட்டின் உள்பக்கத்தில் சோதிக்காததைப் பற்றி, நன்றாக இருந்த இடப்பக்கத்தைத் தேய்த்ததைப் பற்றி, எல்லாவற்றையும். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: ‘அப்படியானால் என் தம்பியுடையதை நான் உரித்திருக்க வேண்டாமா?’

‘வேண்டாம் ஐயா’ என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் உரிமை எனக்கும் இல்லை. குழுவிலும் எழுந்து நின்று சொன்னேன். பேத்தியிடம் தனியாகச் சொன்னேன். அவளுக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் மாடல் செய்கிறவர்களும் இருப்பீர்கள். வேறு கைவேலை செய்கிறவர்களும் இருப்பீர்கள். யாராவது தன் பழைய வேலையை உங்களிடம் ஒப்படைத்தால், அதில் என்ன பெயிண்ட் இருக்கிறது என்று கேளுங்கள். மறைவான இடத்தில் சோதியுங்கள். எவ்வளவு கை தேர்ந்தவரானாலும் சோதியுங்கள். கேட்டதை மட்டும் செய்யுங்கள். கெட்டுப்போனால் கெட்டபடியே எடுத்துப்போய் அன்றைக்கே காட்டுங்கள். மிச்சம் இருப்பது அவர்களுடையது. அதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

அந்த எனாமலில் குறை இல்லை. அதைப் பூசிய பையனிடமும் குறை இல்லை. அதன் மேல் லாக்கர் அடித்தவன் நான். விதி தெரிந்தே அடித்தேன். தெரிந்தே பொய் சொன்னேன். மூன்று கார்கள் போனதற்கும் நானே பொறுப்பு.