நாய் உள்ளே வரலாம்!

நாய் என்றாலே எனக்கு உதறல். மாம்பலத்தில் ஒன்று என் கெண்டைக்காலைப் பதம் பார்த்த நாளிலிருந்து, தெருமுனையில் வால் தெரிந்தால் ரூட்டை மாற்றிவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் ஜப்பானில் போய்ச் சேர்ந்த இடம், ஒரு நாயால் பேர் வாங்கிய ஊர்!

ஒசாகாவில் வேலை பார்க்கும் சித்தப்பா பையன்தான் இழுத்துப் போனான். உமேதாவில் கருஞ்சிவப்பு ரயிலில் ஏறினால் அரை மணி சொச்சத்தில் தகராசுகா. பெண்களே ஆண் வேஷமும் கட்டும் நாடகக் குழு இங்கே பிரசித்தம். டிக்கெட் கிடைக்கவில்லை. பசிக்கு நூடுல்ஸ் கடை தேடினோம்.

கண்ணாடிக் கதவில் நாய்ப் படம் போட்ட ஸ்டிக்கர்.

"நாய்கள் ஜாக்கிரதையாடா?"

"இல்லேண்ணா. நாய் உள்ளே வரலாம்னு அர்த்தம்!"

பாதிப் பசி அங்கேயே போய்விட்டது.

எந்த நாயும் இல்லையாம். 'ஹோஜோகென்', அதாவது உதவி நாய். பார்வையில்லாதவருக்கு வழிகாட்டும், காது கேளாதவருக்கு அழைப்பு மணியை உணர்த்தும், கை கால் முடியாதவருக்குக் கீழே விழுந்ததை எடுத்துத் தரும். முதல் வகைக்கு முன்பே சட்டத்தில் இடமிருந்தது. மற்ற இரண்டும் வெறும் வளர்ப்பு நாய்களாகவே கருதப்பட்டன. இந்த ஊர்க்காரர் ஒருவர், சக்கர நாற்காலியில் இருந்தவர், தன் லாப்ரடார் சிந்தியாவோடு இதற்காகக் குரல் கொடுத்தார். 2002 மே மாதம் சட்டமே வந்துவிட்டது! அந்த அக்டோபரில் ரயில், பஸ், அரசுக் கட்டடங்கள். அடுத்த அக்டோபரில் ஓட்டல்கள், கடைகள். தேர்வில் பாஸான நாயா? கதவைத் திறந்தே ஆக வேண்டும்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? "மறுத்தா அபராதம் எவ்வளவுடா?"

"ஒரு யென்கூட இல்லேண்ணா. இன்னமும் முடியாதுன்னு திருப்பி அனுப்பற கடைங்க உண்டு."

அந்தக் கல்லாவில் நான் உட்கார்ந்திருந்தால்? 'அடுத்த கடை பாருங்கம்மா' என்றுதான் சொல்லியிருப்பேன். சத்தியமாக.

அப்போதுதான் சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி வந்தார். கூடவே மஞ்சள் லாப்ரடார், முதுகில் அடையாள அட்டை. நான் இரண்டு கால்களையும் நாற்காலி மேல் ஏற்றிக்கொண்டேன். கடைக்காரர் பக்கத்து மேஜையில் ஒரு நாற்காலியை நகர்த்தி இடம் பண்ணினார், அவ்வளவுதான். நாய் மேஜைக்கடியில் சுருண்டு படுத்தது.

அம்மணியின் பர்ஸ் நழுவி என் பக்கமாக விழுந்தது. நாய் எழுந்து வந்தது... கவ்வியது... அவர் மடியில் வைத்தது. என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை!

நூடுல்ஸ் வந்தது. கால்களை மெல்லக் கீழே இறக்கினேன்.