ஜவ்வாது மலையில் நான்கு நாட்கள்

சுற்றுலா என்றதும் துள்ளாத உள்ளம் உண்டோ? அதிலும் பேருந்தில் அல்ல, ஜீப்பில். விடுதியில் அல்ல, கூடாரத்தில். ஒரு நாள் அல்ல, நான்கு நாட்கள் என்றால் கேட்கவும் வேண்டுமோ! காலாண்டு விடுமுறையில் எங்கள் சாரணியர் குழுவிலுள்ள பத்தாம் வகுப்பு மாணவியர் பத்துப் பேரை ஜவ்வாது மலைக்கு அழைத்துச் செல்வதாகச் சிஸ்டர் அறிவித்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு டீச்சர் எழுந்து வந்துவிட்டார்.

ஆனால் வீட்டில் அவ்வளவு எளிதாக அனுமதி கிடைத்துவிடுமா? "பொதுத்தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளுக்குக் காட்டில் என்ன வேலை?" என்பதே எல்லா வீட்டிலும் கேள்வி. அதற்குச் சிஸ்டர் கண்டுபிடித்த மந்திரச் சொல் 'காவலூர்'. பயணத்தின் மூன்றாம் நாளான சனிக்கிழமை இரவு, காவலூர் வானாய்வகத்தில் தொலைநோக்கி வழியாக வானத்தைக் காட்டப் போவதாகப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். அப்பாக்கள் தலையாட்டினார்கள். அம்மாக்கள் அரை மனத்தோடு கையெழுத்திட்டார்கள்.

நாள் குறித்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுதும் மனிதத் தலைகள். ஜீப் ஊரைவிட்டு வெளியேறுவதே கடினம். நிலா வெளிச்சத்தில் மங்கிய விண்மீன்களும் தெரியா. ஆகவே அமாவாசையை ஒட்டிய வாரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். புறப்படும்வரை எங்கள் பேச்செல்லாம் காவலூரைப் பற்றித்தான். அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் குறுக்களவு உடையது. 1986ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. அதை உருவாக்கப் பாடுபட்டு, 1982இலேயே மறைந்துவிட்ட வைணு பாப்பு என்ற விஞ்ஞானியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று 1977ஆம் ஆண்டு மார்ச் 10 அன்று உலகில் சில இடங்களிலிருந்து கண்டறிந்தார்களே, அந்த நிகழ்வைக் காவலூரிலிருந்தும் பதிவு செய்தார்கள். 1988இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு இராமானுஜன் என்று பெயர். இவற்றையெல்லாம் பாடப் புத்தகத்தைவிட நன்றாக மனப்பாடம் செய்திருந்தோம்.

வியாழக்கிழமை விடியற்காலை இரண்டு ஜீப்புகளில் கிளம்பினோம். சாரணிய டீச்சர், சிஸ்டர், ஓட்டுநர் அண்ணன்மார் இருவர், மலைப்பாதைகளை நன்கறிந்த வழிகாட்டி ஐயா ஆகியோர் எங்களுடன் வந்தனர். மேலே கூடாரங்களும் தண்ணீர்க் கேன்களும் அரிசி மூட்டையும். போளூரில் இட்லி. அத்திமூரைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. எங்களுள் மூவருக்கு அந்த இட்லி தங்கவில்லை. அதை விரிவாக எழுத வேண்டாம் என்று மூவரும் கேட்டுக்கொண்டுள்ளனர்.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. எங்கள் செய்யாறு பிறப்பதும் இம்மலையில்தான். ஒரு காலத்தில் சந்தன மரங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள், தோழியரே! மலையை ஆள்பவர் என்று பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். பேசுவது நம் தமிழே. நாங்கள் போனபோது வழியெல்லாம் சாமைக் கதிர்கள் தலை சாய்ந்து நின்றன.

காப்புக்காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது என்பது எங்களுக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஆகவே ஜமுனாமரத்தூருக்கு அப்பால், ஒரு விவசாயியின் பட்டா நிலத்தில் அனுமதி பெற்று இரண்டு இரவுகள் தங்கினோம். முதல் இரவு முளைக்குச்சியைச் சரியாக அடிக்காததால் ஒரு கூடாரம் எங்கள்மேல் படுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஜீப்பே ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக உருவாக்கி 1941 முதல் ஆயிரக்கணக்கில் செய்த வண்டியாம் அது. நம் நாட்டில் 1947இல் மஹிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் பூட்டத் தொடங்கினார்கள். தார்ச்சாலையில் பின்சக்கரங்கள் மட்டும் வண்டியைத் தள்ளும். சேறும் கல்லும் வந்தால் இன்னொரு சிறிய நெம்புகோலைப் போட வேண்டும். அப்போது முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். ஓட்டுநர் அண்ணன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டார். பஞ்சரோ என்று பதறினோம். காற்றுக் குறைந்தால் டயர் அகலமாகப் பதிந்து தரையைப் பிடித்துக்கொள்ளுமாம். பெரிய கல் வந்தால் அதை இரு சக்கரங்களுக்கு நடுவே விடக்கூடாது, சக்கரத்தையே அதன்மேல் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் அடியில் தொங்கும் டிஃபரன்ஷியல் இடித்துவிடும். செங்குத்தான இறக்கத்தில் முதல் கியரில் போட்டுவிட்டுப் பிரேக்கை மறந்துவிட வேண்டும். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்; பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் நின்றுபோய் வண்டி சறுக்கும். இதைச் சொல்லிக்கொண்டே அவர் ஓர் இறக்கத்தில் காலைத் தூக்கிக் காட்டினார். சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஓடையைக் கடக்குமுன் வழிகாட்டி ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கோலுடன் குறுக்கே நடந்து பார்ப்பார். குழி இல்லை, தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை என்றால் கையைத் தூக்குவார். வண்டி இறங்கினால் நடுவில் நிற்கவும் கூடாது, கியர் மாற்றவும் கூடாது. அவர் இன்னொரு சட்டமும் வைத்திருந்தார்: காட்டுப் பாதையில் ஒற்றை வண்டி போகவே கூடாது. ஒன்று சிக்கினால் இழுக்க மற்றொன்று வேண்டும். இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பீமன் அருவியில் குளித்ததைப் பற்றி எழுதினால் இதழ் முழுவதும் போதாது, விட்டுவிடுகிறோம்.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. தார்ச்சாலையிலிருந்து ஒன்றரை மணி நேரம் குலுங்கி, மலையின் தென்விளிம்பிலுள்ள ஒரு சிற்றூரை அடைந்திருந்தோம். இருபது வீடுகள் இருக்கலாம். சாமைச் சோறும் கீரைக் குழம்பும் தந்தார்கள். நான்கு மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குக் காவலூர். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டோம்.

அப்போது இரண்டு ஆண்கள் மூங்கில் கழி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு வீட்டிலிருந்து முனகல் கேட்டது. கம்பளியைக் கழியில் தொட்டிலாகக் கட்டி, அதில் ஓர் இளம்பெண்ணைக் கிடத்தித் தூக்கி வந்தார்கள். பிரசவ வேதனை, நாளுக்கு முன்பாகவே வந்துவிட்டதாம். இதற்கு டோலி என்று பெயர். நால்வர் மாற்றி மாற்றித் தூக்கித் தார்ச்சாலைவரை நடக்க வேண்டும். 108 வண்டி அதுவரைதான் வரும். இந்த ஊரில் செல்பேசிக்குச் சிக்னல் கிடையாது. ஒரு பையன் பாறைமேல் ஏறி நின்று பேசப் போயிருந்தான்.

வழிகாட்டி ஐயா சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். "இரண்டு ஜீப்பும் போகட்டும். பிள்ளைகள் இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

அந்த நேரத்தில் எங்களிடமிருந்து ஒரு குரல், "அப்போ காவலூர்?" என்றது.

கேட்டது யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் கேள்வி பத்துப் பேர் வாயிலும் இருந்தது. ஒருத்தி வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். டோலிக்குப் பின்னால் நடந்து வந்த அப்பெண்ணின் தாயார் அதைக் கேட்டுவிட்டார். நின்றார். "காவலூருல உங்களுக்கு யாருக்காச்சும் ஒடம்பு முடியலையா கண்ணு?" என்று கேட்டார்.

நாங்கள் பதில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நட்சத்திரம் பார்க்க என்றா? டீச்சர்தான் முன்னே வந்து, "இல்லைங்கம்மா, ஒன்றும் அவசரமில்லை, நீங்கள் ஏறுங்கள்" என்று அவர் கையைப் பிடித்து ஏற்றினார். முதல் ஜீப்பில் அந்தப் பெண், தாயார், கணவர், சிஸ்டர். இரண்டாவதில் கயிற்றுடன் வழிகாட்டி ஐயா. முந்தின நாள் கைதட்டிச் சிரித்துக் கடந்த பாதையிலேயே அவர்கள் போனார்கள். கல்மேல் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு சத்தமும் வெகுநேரம் கேட்டது. ஒவ்வொரு குலுக்கலும் அந்தக் கம்பளிக்குள் எப்படியிருக்கும் என்று எண்ணினோம். உள்ளதைச் சொன்னால், காவலூரையும் எண்ணினோம்.

ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் தண்ணீர் ஏறினால் ஜீப் திரும்ப முடியாது என்பது எங்களுக்குத் தெரியும்; வெள்ளிக்கிழமைதானே படித்தோம்! ஒரு திண்ணையில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டுப் பெண் எங்கள் வயதுதான். உண்டு உறைவிடப் பள்ளியில் பத்தாம் வகுப்பு, விடுமுறைக்கு வந்திருக்கிறாள். கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள்.

"போன மழைக்கு எங்க சித்திய இப்பிடித்தான் தூக்கினு போனாங்க" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவளாகவே, "கணக்குப் பரீட்சையில அந்தக் கடைசிக் கணக்கு உங்களுக்கு வந்துதா?" என்றாள். நாங்கள் எழுதிய அதே வினாத்தாளைத்தான் அவளும் எழுதியிருந்தாள். எங்களில் ஏழு பேருக்கு அந்தக் கணக்கு வரவில்லை. அவளுக்கு வந்திருந்தது! ஒரு கரித்துண்டால் திண்ணைச் சுவரில் போட்டுக் காட்டினாள்.

சாலை ஏன் போடவில்லை என்று டீச்சரிடம் கேட்டோம். காட்டு நிலத்தில் சாலை போட 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்றும், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் காட்டுக்குள் வாழும் மக்களின் சாலை, பள்ளி போன்ற தேவைகளுக்குக் கிராம சபை பரிந்துரைத்தால் சிறிதளவு நிலம் தர வழியிருக்கிறது என்றும் சொன்னார். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "மனு குடுத்திருக்கோம்மா" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை.

எட்டு மணிக்கு மேல் மழை விட்டது. வானம் மெல்லத் துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று. தோழியரே, அப்படி ஒரு வானத்தை நாங்கள் அதுவரை கண்டதில்லை! எங்கள் ஊரில் கோபுர விளக்கும் கடை விளக்கும் தின்றுவிட்ட விண்மீன்கள் எல்லாம் அங்கே இருந்தன. சிறிது நேரத்தில் அந்தப் பெண் கிழக்கே கையைக் காட்டி, "கார்த்திகை எழுந்துடுச்சு" என்றாள். சிறு திராட்சைக் குலை போல ஒரு கூட்டம். அவளுடைய தாத்தா அதை வைத்தே இரவில் நேரம் சொல்வாராம். ஆறு எண்ணினாள் அவள். எங்களுள் கண்ணாடி அணிந்தவர்களுக்கு நான்குதான் கிடைத்தன. நாங்கள் திருவண்ணாமலை என்றதும் அவள் முகம் மலர்ந்தது. "தீபத்தன்னிக்கு இந்த மலை ஓரத்துல நின்னா உங்க மலை தெரியும். ஒரு பொட்டாட்டம் எரியும். நாங்க எல்லாரும் போய் நிப்போம்" என்றாள்.

பதினொன்றரை மணிக்கு மரங்களுக்கிடையே இரண்டு வெளிச்சங்கள் ஆடி ஆடி வந்தன. எழுந்து ஓடினோம். சிஸ்டரின் வெள்ளை உடை முழங்கால்வரை சேறு; திரும்பும் வழியில் ஓடையில் தண்ணீர் வடியக் காத்திருந்து, வழிகாட்டி ஐயாவோடு அவரும் கோல் பிடித்து நடந்து பார்த்திருக்கிறார். "ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் ஏழரை மணிக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம்" என்றார். ஏழரை மணிக்கு நாங்கள் தொலைநோக்கிக்கு வரிசையில் நின்றிருக்க வேண்டும்.

சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. அன்றும் இல்லை, இன்றுவரை இல்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆலங்காயம் வழியாக இறங்கும்போது, மரங்களுக்கு மேலே காவலூரின் வெள்ளைக் கூண்டு தெரிந்தது. ஓட்டுநர் அண்ணன் கேளாமலே ஜீப்பை நிறுத்தினார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டோம். பின்னிருக்கையை அவர் விடியற்காலையிலேயே கழுவியிருந்தார்; இன்னும் ஈரமாக இருந்தது. வீடு வந்ததும் "தொலைநோக்கியில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், மழை வந்துவிட்டது என்று மட்டும் சொன்னோம்.

கார்த்திகைத் தீபத்தன்று எங்களுள் ஆறு பேர் ஒருத்தியின் வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். மலையுச்சியில் கொப்பரையில் தீபம் ஏறியதும் ஊரே முழங்கியது. எல்லோரும் மலையைப் பார்த்துக் கைகூப்பி நின்றபோது, நாங்கள் சிறிது நேரம் வடமேற்கே திரும்பி நின்றோம். அங்கே ஒன்றும் தெரியவில்லை. இருட்டாக இருந்தது. "கண்டிப்பாக நின்றுகொண்டிருப்பாள்" என்றாள் எங்களுள் ஒருத்தி. அந்தக் கேள்வியைக் கேட்டாளே, அவள்தான்.