கடலுக்குள் போன கிணறுகள்

கேரளத்தின் ஏலூரில் வீடு வீடாக ஏறி இறங்கி எடுத்த கிணற்றுப் பட்டியலைக் கியூஜிஐஎஸ் மென்பொருளில் ஏற்றினேன். பெரியாறு தெரிந்தது, பாதாளம் பாலம் தெரிந்தது. கிணறு ஒன்றுகூடத் தெரியவில்லை. லேயரின் பெயரில் வலது க்ளிக் செய்து, அது இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். திரை வடதுருவம் நோக்கி ஓடி, ஸ்வால்பார்டு தீவுகளுக்குத் தென்மேற்கே நடுக்கடலில் நின்றது. எங்கள் கிணறுகள் அத்தனையும் அங்கே இருந்தன.

எக்ஸ் கட்டத்தில் 10.075, ஒய் கட்டத்தில் 76.30 போயிருந்தது. அட்சரேகையை முதலில் சொல்லியே நமக்குப் பழக்கம். எக்ஸ் என்பதோ தீர்க்கரேகை. மாற்றிக் கொடுத்ததும் புள்ளிகள் ஏலூருக்குத் திரும்பின.

அதற்குப் பிறகு, புள்ளி காணவில்லை என்று யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, எங்கே போய் விழுந்திருக்கிறது என்பதுதான். விழுந்த இடமே கோளாறைச் சொல்லிவிடும். ஆப்பிரிக்காவை ஒட்டிய கினியா வளைகுடா என்றால், காலிக் கட்டத்தில் யாரோ சுழியை நிரப்பியிருக்கிறார்கள். வைப்பினுக்கு மேற்கே அரபிக்கடல் என்றால், நோட்டில் 76 பாகை 18 நிமிடம் என்று இருந்ததை 76.18 என்று தட்டியிருக்கிறார்கள், 76.30 என்று வந்திருக்க வேண்டும். எல்லாப் புள்ளிகளும் மாலத்தீவுக்கு மேற்கே, நிலநடுக்கோட்டில் ஒரே குவியலாகக் கிடந்தால் அது வேறு கதை. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

குழிகண்டம் தோடு என்று ஏலூர்க்காரர்கள் சொல்லும் ஓடையிலிருந்து 500 மீட்டருக்குள் எத்தனை கிணறுகள் என்று பார்க்க, அதைச் சுற்றி 'பஃபர்' என்ற எல்லைக்கோடு போடுவோம். லேயர் பாகையில் இருந்தால் 500 என்பது 500 பாகை. பூமி முழுவதும் மூடிவிடும். மீட்டர் வேண்டுமே என்று, லேயரின் ஆயத்தொலை முறையை யூடிஎம் 43 வடக்கு என்று மாற்றி வைப்பார்கள். அது உளுந்து டப்பாவில் துவரை என்று சீட்டு ஒட்டுகிற வேலை. 76.30 பாகை அப்படியே 76.30 மீட்டர் ஆகிவிடும்; கிணறுகள் மாலத்தீவுப் பக்கம் போய்க் குவியும். 'ரீப்ரொஜெக்ட்' கொடுத்தால்தான் எண்கள் கணக்கிடப்பட்டுப் புது லேயராக வரும். நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு குழப்பத்தில் முளைத்தவை.

இவ்வளவு பாடு ஏன் என்றால், இடம் ஏலூர். உரத்தொழிற்சாலையான ஃபாக்ட் இங்கே 1947-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு டிடிடி, காஸ்டிக் சோடா, அரிய மண் தனிமங்கள் என்று ஆலைகள் பெருகின. ஆலைக் கழிவுகளைப் பார்க்க உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு 2004-இல் இங்கே வந்தது. 2024 மே மாதம் பெரியாற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. இப்படிப்பட்ட ஊரில், ஒரு கிணறு கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது ஒரு வீட்டின் குடிதண்ணீர் விஷயம்.

என்னை அதிகம் அலைக்கழித்தது இந்த ஊரின் பெயர். மலையாளத்தில் எழுதிய இரண்டு அட்டவணைகளை இடப்பெயரால் இணைத்தேன். ஏலூர் என்ற வரிகளில் பாதி காலியாகவே வந்தன. கண்ணுக்கு இரண்டு பெயரும் ஒன்றேதான். இரண்டு நாள் தேடிய பிறகு, இரண்டையும் எழுத்தெண்ணும் ஃபங்ஷனில் போட்டுப் பார்த்தேன். ஒன்று 4 என்றது, மற்றொன்று 6 என்றது. கடைசியில் வரும் 'ர்' மலையாளத்தில் சில்லெழுத்து. 2008-இல் வந்த யூனிகோடு 5.1 அதற்குத் தனிக் குறியீடு தந்தது. அதற்கு முன்பு ர, நம் மெய்ப்புள்ளி போன்ற சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி என மூன்றைச் சேர்த்து எழுதினார்கள். அந்தப் பழைய வடிவை யாரோ இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றியதும் வரிகள் நிரம்பின. இப்போது நான் பெயரால் இணைப்பதே இல்லை. வார்டு எண்ணும் வீட்டு எண்ணும்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று படத்தை அச்செடுத்துக்கொண்டு ஏலூர் போனேன். ஒரு வீட்டில் வயதான அம்மச்சி ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு ஓடைக் கோட்டின் மேல் விரலை வைத்து, "தோடு பின்னிலாணு மோனே, முன்னிலல்ல" என்றார். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையை நான் முன்னால் ஓடவிட்டிருந்தேன். பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்திலிருந்து அதை எடுத்திருந்தேன். அந்தத் தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தின்படி வரைந்தவை, கைபேசி ஜிபிஎஸ் காட்டுவதோ டபிள்யூஜிஎஸ் 84. இரண்டுக்கும் இங்கே நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. புள்ளி எதுவும் கடலில் விழவும் இல்லை.

தாளை உரிய அளவை முறையில் மறுபடி பொருத்தினேன். ஓடை வீட்டுக்குப் பின்னால் போனது. வேறு சில கிணறுகள் 500 மீட்டர் கோட்டுக்குள் வந்தன. இந்த வேலைக்கு வரும் இளைஞர்களே, படத்தை யாரிடம் ஒப்படைப்பதானாலும் முதலில் ஒரு பிரதி அச்செடுத்து, கிணற்றுக்குச் சொந்தக்காரர்களிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வாருங்கள்.