பிரிக்காமல் வாங்கும் மூட்டை

கானா நாட்டின் தலைநகர் அக்ராவில், பழைய துணி எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் கை காட்டும் இடம் காண்டமான்டோ சந்தை. நகரின் நடுவே, ரயில் நிலையத்தை ஒட்டி, ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மரக்கடைகள். எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் உடம்பைத் திருப்பித்தான் வழிவிட வேண்டும்.

இங்கே விற்கும் துணிக்குப் பெயர் 'ஒப்ரோனி வாவு'. செத்துப்போன வெள்ளைக்காரரின் துணி என்று அர்த்தம். இவ்வளவு நல்ல சட்டையை உயிரோடு இருப்பவர் யாராவது கழித்துப் போடுவாரா என்ற சந்தேகத்தில் பிறந்த பெயர். உண்மையில் வெள்ளைக்காரர்கள் சுகமாகத்தான் இருக்கிறார்கள். வாங்கி அலுத்ததைக் கொடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்! இந்தச் சந்தைக்கு வாரத்துக்கு ஒன்றரைக் கோடி உருப்படிகள் வருவதாக, அங்கே பணியாற்றும் தொண்டு நிறுவனம் ஒன்று கணக்குச் சொல்கிறது.

வாங்க வருபவர்கள் குவியல் முன்னால் குனிந்துவிட்டால் நிமிர நேரமாகும். அக்குளில் கறை இருக்கிறதா, காலர் நைந்திருக்கிறதா, ஜிப் ஓடுகிறதா என்று கை தானாகவே பார்க்கிறது. அளவு பெரிதா? கவலையில்லை. பக்கத்திலேயே தையல்காரர் பிடித்துக் கொடுப்பார். சாயம் போனதற்குச் சாயமேற்றித் தர ஆள் உண்டு. கரிப்பெட்டியால் இஸ்திரி போட்டு மாட்டிவிட்டால், நேற்று மூட்டையில் கசங்கிக் கிடந்த சட்டை அது என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

ஆனால், விற்பவருக்கு அப்படிப் புரட்டிப் பார்க்கும் வசதி கிடையாது. சுமார் 55 கிலோ எடையுள்ள, இறுக்கிக் கட்டிய மூட்டையை முழுப் பணமும் கொடுத்த பிறகுதான் பிரிக்கலாம். உள்ளே புத்தம் புதிதாக ஜீன்ஸும் இருக்கும். கறை படிந்த பனியனும் இருக்கும். அந்த மூட்டையைத் தலையில் சுமந்து வருபவர்கள் 'காயாயி' பெண்கள். பெரும்பாலும் நாட்டின் வடக்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். முதுகில் குழந்தையையும் கட்டிக்கொண்டு இந்த வேலை செய்பவர்களைப் பார்த்த பிறகு, துணி மலிவு என்று சொல்ல வாய் வருவதில்லை.

விற்காதது குப்பைக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி சாக்கடை வழியாகக் கடலில் சேர்ந்து, கரையில் மணலோடு கயிறாக முறுக்கிக் கிடக்கிறது.

2025 ஜனவரி முதல் தேதி இரவு பிடித்த தீயில் சந்தையின் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. கடன் வாங்கி மூட்டை எடுத்தவர்களுக்குத் துணி எரிந்தது, கடன் எரியவில்லை. வியாபாரிகள் மறுபடியும் மரச் சட்டம் அடித்து, கடை எழுப்பி உட்கார்ந்தார்கள்.

பேரம் இன்றும் நடக்கிறது. ஒரு நல்ல சட்டைக்கு எவ்வளவு பேசினாலும் கடைக்காரம்மா ஓரளவுக்கு மேல் இறங்குவதில்லை. அதே மூட்டையில் வந்த கிழிசல்கள் அவர் முதுகுக்குப் பின்னால் குவிந்து கிடக்கின்றன. அவற்றின் விலையும் இந்தச் சட்டையிலிருந்துதான் வர வேண்டும்.