சளி டப்பா

மார்ச் மாதக் காலை. செம்மேட்டு வாசல்களில் மிளகு காய்கிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வந்த பஸ் உறுமி நிற்கிறது. இறங்கிய சிறுமி காதுக்குள் விரல் விட்டுக் குடைகிறாள். மலை ஏறியதும் அடைத்த காது இன்னும் திறக்கவில்லை.

ஊருக்குச் சற்றுத் தள்ளி ஆரம்ப சுகாதார நிலையம். பெஞ்சில் நெருக்கியடித்து 11 பேர். ஜன்னலோரம் ஒருவர் மட்டும் விலகி உட்கார்ந்திருக்கிறார். இருமல் வரும்போதெல்லாம் துண்டின் நுனி வாய்க்குப் போகிறது. இருமல் அடங்கியதும் நுனியைப் பிரித்துப் பார்க்கிறார். மடிக்கிறார்.

"எத்தன நாளா இருமல்ங்க ஐயா?"

"காப்பிப் பழம் பறிக்கையில ஆரம்பிச்சதுங்க."

நர்ஸ் விரல்விட்டு எண்ணுகிறார். நோட்டில் மூன்று மாதம் என்று எழுதுகிறார்.

சின்ன பிளாஸ்டிக் டப்பா கைமாறுகிறது. அவர் வெளியே போகிறார். சில்வர் ஓக் மரத்தடியில் முதுகு காட்டி நிற்கிறார். திரும்பி வருகிறார். நர்ஸ் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்.

"இது எச்சிலுங்க. மூச்ச நல்லா இழுத்து, நெஞ்சுக்குள்ள இருந்து வரணும்."

மறுபடி மரத்தடி. தோள்கள் ஏறி இறங்குகின்றன. இந்த முறை டப்பாவின் அடியில் மஞ்சள் கோழை.

அந்தக் கோழையில் தேடுவது காசநோய்க் கிருமியை. அது ஒரு மெல்லிய கோல். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 300 கோல்களை வரிசையாக வைக்கலாம். கண் இல்லை, காது இல்லை. இருக்கும் இடம் மட்டும் அதற்குத் தெரிகிறது.

நுரையீரலில் அதை ஒரு வெள்ளணு விழுங்குகிறது. விழுங்கிய அறையில் அமிலம் ஏறத் தொடங்குகிறது. கிருமி அதை உணர்கிறது. தன் மேலுறையின் கொழுப்பை மாற்றுகிறது. அமிலம் முழுதாக ஏறாமல் தடுக்கிறது. கொல்ல வந்த அணுவுக்குள்ளேயே குடியிருக்கிறது.

உடல் சுற்றிலும் செல்களை அடுக்கிச் சுவர் எழுப்புகிறது. முடிச்சு இறுகுகிறது. நடுவில் ஆக்சிஜன் குறைகிறது. கிருமியின் இரண்டு புரதங்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. காற்றின் குறைவு அந்த இரும்பில் படுகிறது. சேதி மூன்றாவது புரதத்துக்குப் போகிறது. டாஸ்ஆர் என்பது அதன் பெயர். டில்லி எய்ம்ஸில் ஜெயா சிவசாமி தியாகியின் குழு வைத்த பெயர் டெவ்ஆர். ஏறக்குறைய 50 மரபணுக்கள் விழிக்கின்றன. கிருமி உறங்குகிறது.

உறக்கத்தில் அது பெருகுவதில்லை. உடலின் கொழுப்பைத் துளித்துளியாகத் தனக்குள் சேர்த்து வைக்கிறது. காத்திருக்கிறது.

பெஞ்சில் ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். டீக்காசை எண்ணுகிறாள். மறுபடி முடிகிறாள்.

உள்ளே மேசைமேல் ட்ரூநாட் கருவி. கோவாவில் செய்தது. லேப் டெக்னீஷியன் சிப்பைச் செருகுகிறார். டியூப்லைட் அணைகிறது. கரண்ட் போய்விட்டது. கருவியின் திரை மட்டும் ஒளிர்கிறது, பேட்டரியில் ஓடுகிறது. ஒரு மணி நேரம் கழிகிறது. டெக்னீஷியன் நர்ஸைக் கூப்பிடுகிறார். இருவரும் திரையைப் பார்க்கிறார்கள். இருவரும் பேசவில்லை.

எடை எந்திரத்தின் முள் 43-ல் நிற்கிறது. அந்த எடைக்குத் தினமும் 3 மாத்திரை. ஒவ்வொன்றிலும் 4 மருந்துகள். 2 மாதம் கழித்து ஒரு மருந்து குறையும். பிறகு இன்னும் 4 மாதம்.

"சிறுநீர் செவப்பாப் போகும். பயப்படாதீங்க. கொஞ்ச நாள்லயே இருமல் கொறஞ்சிடும். அப்ப நிறுத்திடக் கூடாதுங்க."

"நின்னுட்டா அப்புறம் எதுக்குங்க மாத்திர?"

நர்ஸ் பேனாவை மூடுகிறார்.

"நின்னது இருமல்தாங்க ஐயா. அது உள்ள தூங்கிட்டு இருக்கும்."

குடலில் வாழும் சாதாரணக் கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமி இரண்டாகச் சுமார் 20 மணி நேரம் ஆகும். பெருகும் கிருமிகளை மருந்து சீக்கிரம் கொல்கிறது. உறங்குபவற்றிடம் அதன் கை எளிதில் எட்டுவதில்லை. அவை எஞ்சும். பாதியில் நிறுத்திய உடம்பில் ஒருநாள் விழிக்கும்.

சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. அதன் ஆய்வில் நோயாளிகளில் ஒரு பாதி சானடோரியத்தில், மறுபாதி தங்கள் வீட்டில். இருசாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டுப் பாயில் படுத்திருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். அதன்பின் மாத்திரை வீடு தேடி நடக்கிறது. இந்த மலையிலும்.

நர்ஸ் சுவர்க் காலண்டரைப் புரட்டுகிறார். ஏப்ரல். மே. ஜூன். ஆகஸ்டில் இருமல்காரர் கை நீட்டி நிறுத்துகிறார்.

"ஓரி விழா வரைக்கும்ங்களா?"

"விழா முடிஞ்சும் சாப்பிடணும்ங்க."

இன்னும் ஒரு தாள் புரள்கிறது. செப்டம்பரில் ஒரு வட்டம்.

டம்ளரில் தண்ணீர். உள்ளங்கையில் 3 மாத்திரைகள். ஒன்றை விழுங்குகிறார். தொண்டை அசைகிறது. இரண்டாவது. மூன்றாவது. கேட்காமலே வாயைத் திறந்து காட்டுகிறார்.

நர்ஸ் அட்டையின் முதல் கட்டத்தில் டிக் அடிக்கிறார். மற்ற கட்டங்கள் வெள்ளையாக இருக்கின்றன.