கலியாணக் கொப்பி

எனது மகளின் திருமணம் 2024 ஆவணியில் கொழும்பில் நடந்தேறியது. நாள் குறித்த அன்று மாலையே கடைக்குப் போய் ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கி வந்து வரவு செலவு எழுதத் தொடங்கினேன். அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டங்களைப் பற்றி இருபது தடவைகளுக்கு மேல் எழுதியவன் நான். துண்டுவிழும் தொகையை எந்த நிதி அமைச்சர் எந்தத் தலைப்பின் கீழ் ஒளித்தார் என்று வாசகர்களுக்கு விளக்கியவன். ஆகவே என் வீட்டுக் கணக்கில் துண்டு விழாது என்றொரு நம்பிக்கை எனக்கு இருந்தது.

மாதிரிக்காக ஐயாவின் கொப்பியையும் எடுத்து வைத்துக்கொண்டேன். 1986 இல் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தலிட்டு அக்காவின் கலியாணம் நடந்தபோது அவர் எழுதியது அது. ஐயா ஆசிரியர். எழுத்து அச்சுப் போலிருக்கும். கூறை, மேளம், ஐயர், அரிசி, மரக்கறி, பந்தல் என்று தனித்தனித் தலைப்புகள். இறுதியில் "சில்லறை" என்று ஒரு தலைப்பு. அதற்கு அவர் ஒதுக்கிய தொகை 1,500 ரூபா. கலியாணம் முடிந்தபோது அது 9,640 ரூபாவாகியிருந்தது. ஜெனரேட்டர் வாடகை, அதற்கு மண்ணெண்ணெய், ஐயர் இரண்டாம் முறை தந்த சாமான் பட்டியல், வெள்ளை கட்டியவருக்கு, கிடாரம் ஏற்றி இறக்கிய வண்டிக்கு, சீதனக் காணி உறுதி முடித்த நொத்தாரிசுக்கு, உடைந்த கிளாஸ் 17 என்று சிறிய எழுத்தில் இரண்டு பக்கங்கள். தோழனாக நின்று மாப்பிள்ளையின் கால் கழுவிய எனக்கு ஒரு மோதிரம் கிடைத்தது. அது அவர்களது கொப்பியின் சில்லறைக்குள் போயிருக்கும்.

ஐயாவின் பிழையை நான் விடக்கூடாது என்று எண்ணி, மொத்தத்தில் 10 வீதத்தைச் சில்லறைக்கு ஒதுக்கினேன்.

முதல் அடி ஹோட்டலில் விழுந்தது. மண்டபமும் மதியச் சாப்பாடும் சேர்த்து ஒருவருக்கு 5,000 ரூபா என்றார்கள். 250 பேருக்கு பன்னிரண்டரை இலட்சம் என்று எழுதிக்கொண்டேன். விலைப்பட்டியலில் 5,000 என்ற இலக்கத்துக்குப் பக்கத்தில் இரண்டு சிறிய கூட்டல் குறிகள் இருந்தன. அலங்காரம் என்றே நினைத்தேன். சேவைக் கட்டணம் 10 வீதம். அதன் மேல் 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5 வீதம். இவை யாவற்றுக்கும் மேல், 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உயர்ந்த வற் வரி. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும்போது 5,000 ரூபாச் சாப்பாடு ஏறத்தாழ 6,650 ரூபாவாகிறது. 250 பேருக்கு நாலு இலட்சத்துப் பன்னீராயிரத்துச் சொச்சம் மேலதிகம். வற் வரி உயர்ந்தபோது அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியவனும் நானே என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது அடி நாளில் இருந்தது. ஆடியில் கலியாணம் இல்லை, மார்கழியில் இல்லை. எஞ்சிய மாதங்களிலும் நல்ல முகூர்த்தங்கள் சில. அன்றைய தினம் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் எங்களுக்குத் தெரிந்தவர்களின் வீடுகளிலேயே வேறு இரண்டு கலியாணங்கள். 250 பேர் என்று உறுதி கொடுத்திருந்தோம். வந்தவர்கள் 214 பேர். வராத 36 பேரின் சாப்பாட்டுக்கும் கொடுத்த பணம் 2,39,400 ரூபா. மறுபுறம், நாங்கள் தலைக்கணக்கில் சேர்க்காதவர்களும் சாப்பிட்டார்கள். புகைப்படம், வீடியோ, ட்ரோன் என்று வந்த ஏழு பேர், மேளக்காரர் நால்வர், வான் சாரதிகள், மணவறை சோடித்தவர்கள். பசித்திருப்பவர்களிடம் நீங்கள் பட்டியலில் இல்லை என்று சொல்ல முடியுமா? வராதவர்களின் இடத்தில் இவர்களை இருத்தலாம் என்று எனக்குத் தோன்றியது. பணியாளர் சாப்பாடு தனி விலை என்றார் ஹோட்டல்காரர். விவாதிக்க நேரமில்லை. மூன்று மணிக்கு மேல் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் மேலதிக வாடகை என்பதால், என் கண் மணிக்கூட்டிலேயே இருந்தது. மகள் தாலி ஏறிய கழுத்தோடு எங்களை வணங்கிய அந்த வேளையிலும் நான் மணி பார்த்தேன். அது வீடியோவில் பதிவாகியிருக்கிறது.

தங்கத்தில் செய்கூலி, சேதாரம். பதிவாளரை மண்டபத்துக்கு வரவழைப்பதற்கான மேலதிகக் கட்டணம். கட்டுநாயக்கவுக்கு நள்ளிரவில் போய் வந்த வான்கள். இவற்றையெல்லாம் விரித்தால் அலுப்புத் தட்டும். ஒரு வார்த்தை எல்லாவற்றிலும் கூடிய செலவை வைத்தது. அதைத்தான் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். சீதனம் கேட்கவில்லை, இனாம் என்ற பேச்சே எழவில்லை. கலியாணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் சம்பந்தியார் தொலைபேசியில் அழைத்தார்.

"ஊரிலையிருந்து ஒரு இருபது பேர் முதல்நாளே வருகினம். தங்க ஒரு இடம் பாக்க ஏலுமோ? நாங்கள் வேணுமெண்டால்..."

"அதுக்கென்ன, வரட்டும். நான் பாக்கிறன்."

அவர் "நாங்கள் வேணுமெண்டால்" என்று தொடங்கிய வசனத்தை முடிக்க நான் விடவில்லை. முடித்திருந்தால் செலவில் பாதியைத் தருவதாகச் சொல்லியிருப்பார். மறுவாரம் நாலாம் சடங்கைப் பெரிதாகச் செய்வோமா என்று என் தம்பி கேட்டான், அதுக்கென்ன என்றேன். மணவறைக்கு மல்லிகை போதாது, ஓர்க்கிட்டும் வேண்டும் என்றார் சோடிப்பவர். அதற்கும் அதையே சொன்னேன். எவரும் என்னை வற்புறுத்தவில்லை. "எவ்வளவு வரும்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்க என் நாக்கு எழவில்லை. அமைச்சர்களை நோக்கி முப்பது ஆண்டுகளாக அதே கேள்வியைக் கேட்டு வந்த நாக்கு அது. கேட்டால் பெட்டையின் தகப்பன் கணக்குப் பார்க்கிறார் என்று ஆகிவிடும் என்ற கூச்சம்.

கலியாணத்துக்கு ஐந்து நாட்கள் இருக்கையில் நாலு இலட்சம் ரூபா குறைந்தது. மனைவி தன் காப்புகளில் ஆறைக் கழற்றி மேசையில் வைத்தார். "கலியாணத்தண்டு என்ன போடுவீர்?" என்று கேட்டேன். "கவரிங் கிடக்கு. ஆர் உரசிப் பாக்கப் போகினம்?" என்றார். மறுநாள் வங்கியில் அடகு வைத்தேன். மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்பது இருவரும் பேசாமலே எடுத்த முடிவு. அன்பளிப்பு உறைகளில் வந்த பணம் ஹோட்டலின் கடைசிக் கணக்கோடு முடிந்தது. அந்த உறைகளும் ஒரு வகையில் கடனே. பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன், அவர்கள் வீட்டுக் கலியாணங்களுக்குத் திருப்ப வேண்டும்.

எல்லாம் முடிந்து இரண்டு கிழமைகளின் பின் கணக்கை மூட இருந்தபோது, ஐயாவின் கொப்பியை மீண்டும் புரட்டினேன். அதைத் தலைகீழாகத் திருப்பினால் பின் அட்டையிலிருந்து வேறொரு கணக்குத் தொடங்குவதை அதுவரை நான் கவனித்திருக்கவில்லை. கடன் கணக்கு. யாரிடம் எவ்வளவு, எந்த மாதம் எவ்வளவு வட்டி. 1988 பங்குனியில் ஒரு வரி: "அட்டியல் விற்றது. வட்டி, முதல் தீர்ந்தது."

அம்மாவின் அட்டியலைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, அந்த நெரிசலிலும் மழையிலும் அட்டியல் இருந்த பொட்டலம் தொலைந்துவிட்டது என்பதே அம்மா சொன்ன கதை. இறக்கும் வரை அதையே சொன்னார். அன்றிரவு ஐயாவின் கையில் இருந்தது காணி உறுதிகள் வைத்த துணிப்பை. உறுதிகளோடு உறுதியாக இந்தக் கொப்பியும் அதற்குள் வந்திருக்கிறது. ஏழு வருடங்களுக்கு முன்னரே விற்ற நகை, பாலத்தடியில் எப்படித் தொலையும்? அதற்கு முன் அந்த ஏழு வருடங்களும் அம்மா என்ன காரணம் சொல்லிக் கழுத்தை வெறுமையாக வைத்திருந்தார் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. நான் கவனித்திருக்கவில்லை.

அக்கா இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். தொலைபேசியில் அந்த வரியை வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, "என்ர கலியாணத்துக்கு அந்தப் பன்னிரண்டு பலகாரத் தட்டமும் ஆர் கேட்டது?" என்றார். ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது பிள்ளைகளின் கலியாணத்தைப் பொருத்தியிருக்கும் நண்பர்கள் என்னிடம் கணக்குக் கேட்கிறார்கள். விலை சொல்பவர் எவராயினும், எல்லா வரியும் சேர்த்தா, எத்தனை மணி வரை, உங்கள் ஆட்கள் எத்தனை பேர், அவர்களுக்குச் சாப்பாடு யார் தருவது என்று எழுத்தில் கேளுங்கள் என்கிறேன். மொத்தத்தின் மேல் 30 வீதம் வையுங்கள் என்கிறேன். 10 வீதம் போதாது. சம்பந்தி ஒரு வசனத்தைத் தொடங்கினால் முடிக்க விடுங்கள் என்றும் சொல்கிறேன். தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் போன மாதம் என் கண் முன்னாலேயே தொலைபேசியில் "அதுக்கென்ன" என்றார்.

காப்புகளை இன்னும் மீட்கவில்லை. முதல் வருடம் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்தோம். கடந்த தீபாவளிக்கு வந்திருந்த மகள், "அம்மா, காப்பெல்லாம் எங்கை?" என்று கேட்டாள். "லொக்கரிலை பிள்ளை, இப்ப கள்ளர் பயம்" என்று மனைவி சொன்னார். நான் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இதை எழுதுவதற்கு மனைவியிடம் அனுமதி கேட்டேன். அரை மனதோடு சம்மதித்தார். மகள் என் எழுத்தை விடாமல் வாசிப்பவள். லொக்கரில் இல்லை, பிள்ளை. அடகுச் சீட்டு என் மேசை லாச்சியில், அப்பப்பாவின் கொப்பிக்குள் இருக்கிறது.