சின்ன விமானம்

பெரியதே சிறந்தது என்று எண்ணுவது உலக வழக்கம். விமானங்களைப் பற்றியும் நாம் அவ்வாறே பேசுகிறோம். ஆயினும், வெள்ளவத்தையில் வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் வாழ்வைத் தொட்டவை சிறிய விமானங்களே.

1947 டிசம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து, யாழ்ப்பாணத்தில் இறங்கி, சென்னைக்குச் சென்றது. ‘சீதா தேவி’ என்னும் பெயர் பூண்ட டகோட்டா அது. டகோட்டாவின் இடத்தை நிரப்பவென்றே பிரித்தானியர் அமைத்தது அவ்ரோ 748. 1960இல் அது முதன்முறையாகப் பறந்தது. அடுத்த ஆண்டே இந்தியாவில், கான்பூரில் ஒன்றிணைக்கப்பட்ட அவ்ரோவும் பறந்தது. 1964இல் எயர் சிலோனும் ஒன்றை வாங்கியது.

ஜெட் யுகத்தில் விசிறி எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். அவ்ரோவின் எஞ்சினுக்குள்ளும் ஜெட்டில் உள்ளது போன்ற சுழலியே இருக்கிறது. அதன் வலிமையின் பெரும்பகுதி விசிறியைச் சுழற்றுகிறது. குறுந்தூரப் பயணத்தில் ஏறுவதிலும் இறங்குவதிலுமே நேரம் கழியும். ஜெட்டின் வேகத்துக்கு அங்கே வேலை குறைவு. எரிபொருட் செலவோ அதிகம். குறுகிய ஓடுபாதைக்கும் விசிறி விமானமே இசைந்தது.

1978 செப்டம்பர் 7ஆம் திகதி அந்த அவ்ரோ இரத்மலானையில் குண்டு வெடித்து அழிந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பின்னர் மூண்ட போரில் பலாலிக்கும் சென்னைக்குமிடையே இருந்த வான்வழி அற்றுப்போயிற்று.

அதன் துன்பத்தை என் பெரியம்மாவிடம் கண்டேன். மல்லாகத்தில் அவர், சென்னையில் அவருடைய ஒரே மகள். பலாலியிலிருந்து சென்னை வான்வழியே சுமார் 350 கிலோமீற்றர். வடக்கே போகவேண்டிய அவர், முதலில் தெற்கே 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் வருவார். வீங்கிய கால்களோடு எங்கள் வீட்டில் இரண்டு நாள் படுத்திருந்து, பின் கட்டுநாயக்காவுக்குப் போவார். வெள்ளவத்தை வீடுகள் பல இவ்வாறு சத்திரங்களாக இருந்தன.

2019 நவம்பர் 11ஆம் திகதி அலையன்ஸ் எயரின் ஏ.டி.ஆர். 72 விமானம் சென்னை – யாழ்ப்பாணச் சேவையைத் தொடங்கியது. அதுவும் சுமார் எழுபது பேர் செல்லும் விசிறி விமானமே. மறு தை மாதம் பெரியம்மா அதிற் சென்றார். “குடிச்ச தேத்தண்ணியின்ரை ருசி வாயில நிக்கேக்கையே பிள்ளையிட்டை வந்திட்டன்” என்று தொலைபேசியிற் சொன்னார்.

அதுவே அவருடைய கடைசிப் பயணம். 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் சேவை நின்றது. 2022 டிசம்பர் 12ஆம் திகதி அது மீண்டும் தொடங்குமுன் அவர் காலமானார். மகளால் முகம் பார்க்க வர இயலவில்லை.

2024 செப்டம்பரில் இண்டிகோ நிறுவனமும் அவ்வழியிற் பறக்கத் தொடங்கியது. மகிழ்ச்சிதான். டகோட்டா முதல் ஏ.டி.ஆர். வரை இயந்திரம் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. சேவையோ அறுந்து அறுந்து வந்திருக்கிறது. இன்னும் பெரிய விமானம் வேண்டுமென்று கேட்போர், இருக்கும் சின்ன விமானம் நிற்காமற் பறக்க முதலில் வழி காணட்டும்.